மருதாணிக்காரி சித்தானாவும் ஆட்டு லாரியும்

சித்தானா கல்யாண வீடுகளுக்கு மருதாணி வைக்கிறவள். சூடான் தலைநகரில் எங்கள் பேட்டையான ஷம்பாத்தில் அவள் கைபடாமல் ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போனாள் என்றால், ஒன்று அவள் வெளியூரில் கல்யாணம் செய்துகொண்டவள், இல்லையென்றால் சித்தானாவோடு சண்டை போட்டவள். அவளோடு சண்டை வருவது சுலபம். மணப்பெண்ணைப் பார்த்து அழகாக இருக்கிறாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "விரல் குட்டை. கொடி வேணாம், பூப் போட்டுக்கலாம்" என்பாள். பெண்ணின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். மருதாணி சிவந்து கறுத்துப் பிடித்ததும் அதே அம்மா வந்து அடுத்த மகளுக்கும் இவளையே சொல்லி வைப்பாள்.

என் பெயர் நஜாத். பெண்கள் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அவள் பாத்திரம் உருட்டுகிற சத்தத்திலேயே அன்றைக்கு என்ன மனநிலை என்று எனக்குத் தெரிந்துவிடும். மேற்கே எல் ஒபெய்தில் பிறந்தவள். அம்மா போனபிறகு பெரியம்மாவோடு இங்கே வந்தாள். பெரியம்மா பேருந்து நிலையத்தில் டீ விற்றாள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த இவள், டீ குடிக்க வந்த பெண்களின் கையை இழுத்து வைத்துக் கிறுக்கிப் பழகியதுதான் தொழிலானது.

பாபிக்கரை அவள் பிடித்த கதையை ஷம்பாத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவன் பள்ளிவாசல் பக்கத்து ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவன். கல்யாண வீடு ஒன்றுக்கு ரொட்டிக் கூடையோடு வந்தான். சித்தானா இரண்டு கையிலும் மருதாணி விழுதோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"ஏ ரொட்டிக்காரரே, ஒண்ணு பிச்சு வாயில போட்டுட்டுப் போங்க. பசி உயிர் போகுது."

கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் காது சிவந்துபோயிற்று. ஆனாலும் ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிட்டான். அப்போது அவள் பார்த்தது அவன் முன்கையை. அடுப்பு சுட்ட வடுக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. "இந்தக் கைக்கு என் மருதாணி பிடிக்காது" என்றாளாம். அடுத்த வருடம் அவன் கைக்கு, மாப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கப்படி, அவளே வைத்தாள்.

ரமலான் முடியப்போகிற நேரத்தில் சண்டை தொடங்கியது. முதலில் விமான நிலையத்துப் பக்கம் என்றார்கள். பிறகு பாலத்துப் பக்கம் என்றார்கள். கொஞ்ச நாளில் எங்கள் தெருவிலேயே லாரிகளில் துப்பாக்கியை நட்டுக்கொண்டு ஆட்கள் திரிந்தார்கள். எந்தப் படையைச் சேர்ந்தவர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. என் அண்ணன் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

வசதியிருந்தவர்கள் முதல் வாரமே கிளம்பினார்கள். ரொட்டிக் கடை முதலாளியும் சாவியைப் பாபிக்கரிடம் கொடுத்துவிட்டு எகிப்துக்குப் போய்விட்டார். தினமும் விடியும்போதே கடை வாசலில் வரிசை நின்றது. பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தபோதே சித்தானாவும் பாபிக்கரும் போகாததற்கு அந்த வரிசைதான் காரணம்.

"நானும் போயிட்டா இவங்க என்னத்தைத் தின்பாங்க?" என்று அவன் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஊருக்கே அப்பன் மாதிரிப் பேசாத. உனக்கு ஒரு பொண்ணு இருக்கா, வயித்துல ஒண்ணு இருக்கு. அதுங்களுக்கு அப்பனா இரு போதும்."

சொல்வாளே தவிர, காலையில் அவன் சட்டையைத் தட்டி எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவளும் அவள்தான். மகள் ரய்யானுக்கு அப்போது நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் கிழவர்களை முன்னால் விடச் சொல்லி அதட்டுவதும் சித்தானாவின் வேலைதான்.

பிறகு மாவு தீர்ந்தது. எரிவாயுவும் தீர்ந்தது. வீட்டில் புகுந்த துப்பாக்கிக்காரர்கள் அவளுடைய கைப்பேசியையும் அவனுடையதையும் என்னுடையதையும் எடுத்துப் போனார்கள். தெருக் கோடியில் இருந்த மருத்துவச்சி ஒரு மதியம் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். மருத்துவமனைகள் மூடிக் கிடந்தன. சித்தானாவுக்கு வயிறு இறங்கிவிட்டது. இனி இங்கே பிள்ளை பெற முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளுடைய ஆட்கள் மேற்கே, அவனுடையவர்கள் தெற்கே ஜெசீராவில். இரண்டு திசையிலும் பாதை அடைபட்டிருந்தது. வடக்கே ஷெந்தி நகரத்துக்குப் போகிற சாலை மட்டும் திறந்திருப்பதாகப் பேச்சு. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த இளைஞர்களிடம் கேட்டோம். "இந்தப் பக்கம் பஸ் வர்றது நின்னு போச்சுக்கா. யாராவது சொந்த வண்டி வெச்சிருந்தாத்தான்" என்றார்கள்.

யாரிடம் வண்டி இருக்கிறது என்று அவள் யோசித்தாள். இங்கே உறவு இல்லை, கைப்பேசி இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்து மருதாணி வைத்த வீடுகள் இருந்தன. நாள் முழுவதும் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டின் மாடு, வண்டி, சண்டை எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா.

"நஜாத் அக்கா, கூட வரீங்களா? தனியா நடந்தா எங்கயாவது உக்காந்துருவேன்."

காலையில் துப்பாக்கிச் சூடு கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அப்போது கிளம்பினோம். ரய்யானைப் பாபிக்கர் பார்த்துக்கொண்டான். ஆண்கள் தெருவில் நடந்தால் துப்பாக்கிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வீட்டில் கதவே இல்லை. யாரோ சட்டத்தோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். முற்றத்தில் ஒரு கட்டில் கவிழ்ந்து கிடந்தது. "இந்தப் பொண்ணு சரியான அழுமூஞ்சி. கால் கூசுதுன்னே அழுவா" என்று சொல்லிவிட்டு சித்தானா திரும்பி நடந்தாள். இரண்டாவது வீட்டில் மணப்பெண்ணின் அப்பா மட்டும் இருந்தார். ஆடுகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டாராம். கறந்த பாலைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். கார் இருந்ததா என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

"கார் மூணாம் நாளே போச்சும்மா. சாவியையும் மரியாதையாக் கேட்டு வாங்கிட்டுப் போனானுங்க."

பிறகு அவரே சொன்னார்: "கால்வாய்க்கு அந்தாண்ட தஃபல்லா வீட்ல ஆட்டு லாரி இருக்கு. வைக்கோலைப் போட்டு மூடி வெச்சிருக்கான். அவங்க கிளம்பறாங்கன்னு கேள்வி."

சித்தானாவின் முகம் மாறியது. வெளியே வந்து ஒரு வேப்பமரத்து நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அந்த வீடு வேணாம்கா."

"ஏன்?"

"அவங்க மருமகளுக்கு மருதாணி வைக்கப் போனேன். மாமியார்க்காரி நிமா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, இப்படிப் போடு அப்படிப் போடுன்னு உயிரை எடுத்தா. உங்க மருமகளுக்கா உங்களுக்கான்னு கேட்டுட்டேன். வெளிய போடின்னா. எந்திரிச்சு வந்துட்டேன். ஒரு கால் முடிஞ்சுது, ஒரு கால் பாக்கி."

"ஒரு காலோடயா அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிச்சு?"

"வேற யாரோ வந்து போட்டிருப்பாங்க. கண்றாவியாப் போட்டிருப்பாங்க."

ஆனாலும் போனோம். அங்கே போகாமல் வேறெங்கே போவது?

நிமா முற்றத்தில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆள் பெரிய உருவம். எங்களை நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"என் மருமகளை ஒத்தைக் காலோட உக்கார வெச்சிட்டுப் போனவதான நீ?"

"நானாப் போகல அத்தை. நீங்கதான் வெளிய போன்னீங்க."

"சொன்னா உடனே போயிடறதா? ரோஷக்காரி."

"இன்னிக்கு ரோஷத்தை வீட்ல வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். லாரியில இடம் வேணும்."

நிமா வெங்காயத்தைப் புரட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு சித்தானாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"எப்போ?"

"இந்த மாசம்."

"புருஷன் என்ன பண்றான்?"

"பள்ளிவாசல்கிட்ட ரொட்டி சுடறாரு."

"அந்தக் கடையா? ரொட்டியில உப்பே இருக்காது."

"மாவு கிடைச்சதே பெரிசு அத்தை."

நிமா உள்ளே போனாள். அவள் கணவர் தஃபல்லாவின் குரல் கேட்டது. இடமில்லை, தம்பி குடும்பமே நெருக்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார். அதற்கு நிமா என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள்.

"நாளைக்கு வெளிச்சம் வந்ததும் வாங்க. ஆட்டுப் புழுக்கை நாத்தம் அடிக்கும். மூக்கைப் பொத்திக்கிட்டு வரணும். அப்புறம் அது இதுன்னு சொல்லக் கூடாது."

"நாங்க மூணு பேரு" என்றாள் சித்தானா. என்னைக் காட்டினாள். "இவங்களோட நாலு."

நான் ஊரைவிட்டுப் போவதாக அதுவரை முடிவே செய்யவில்லை. அவள் என்னிடம் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து துணிகளை மடிக்கும்போதுதான் நானும் போகிறேன் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் லாரி கிளம்பியது. தஃபல்லா ஓட்டினார். பக்கத்தில் அவர் தம்பி. பின்னால் திறந்த பெட்டியில் தம்பியின் மனைவி மக்கள், நிமா, நாங்கள். நிமாவின் மகனும் மருமகளும் முதல் வாரமே கிளம்பியிருந்தார்கள். மேலே ஒரு பழைய பாயைக் கூரையாகக் கட்டியிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. முதல் இரண்டு சாலைத் தடைகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எட்டிப் பார்த்தார்கள், தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், விட்டுவிட்டார்கள். ரய்யான் ஆடுகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நிமா அவளிடம், "நீதான் ஆடு. கத்து பார்ப்போம்" என்று விளையாட்டுக் காட்டினாள்.

கதரோ என்ற ஊரைத் தாண்டி மூன்றாவது தடை. அங்கே ஆண்களை இறங்கச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றித் தோளைப் பார்த்தார்கள். எதிர்ப் படை ஆளா என்று அறிய, துப்பாக்கிக் கட்டை இடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். பாபிக்கரின் தோள் சுத்தமாக இருந்தது. கையைத் திருப்பினார்கள்.

"இது என்னடா?"

"அடுப்பு சுட்டதுங்க. நான் ரொட்டி சுடறவன்."

"பிடிபட்டா எல்லாரும் ரொட்டிதான் சுடறானுங்க. நேத்து ஒருத்தன் கறிக்கடைன்னான்." அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் போலிருந்தவன் சொன்னான். நாற்பது வயதிருக்கும். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். "இவன் இருக்கட்டும். மத்தவங்க போகலாம்."

சித்தானா லாரியிலிருந்து இறங்கினாள். அந்த வயிற்றோடு எப்படி இறங்கினாள் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் பிடிக்க எழுந்திருக்கும்போது அவள் தரையில் நின்றிருந்தாள். அழவில்லை, கும்பிடவில்லை. கல்யாண வீட்டில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"சந்தேகம் இருந்தா ரொட்டி சுடச் சொல்லிப் பாருங்க. தெரியாத ஆளு அடுப்புகிட்ட நிக்கிறதைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே."

தலைவன் சாலையோரம் பார்த்தான். அங்கே பூட்டு உடைந்த ரொட்டிக் கடை ஒன்று இருந்தது. அவர்களே வைத்திருந்த மாவு மூட்டைகள் வாசலில் கிடந்தன. சுடத்தான் ஆளில்லை.

"சரி, சுடட்டும். ரொட்டி ரொட்டியா வந்தா கூட்டிட்டுப் போ."

"வரலைன்னா?" என்று நிமாவின் கொழுந்தன் தெரியாமல் கேட்டுவிட்டார். தலைவன் அவரைப் பார்த்தான்.

மாவு பிசைந்த உடனே சுட முடியுமா? புளிக்க வேண்டும். விறகு தேட வேண்டும். அடுப்பு காய வேண்டும். வெயிலில் லாரிப் பெட்டி தகித்தது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழத் தொடங்கின. கொழுந்தன் முதலில் முணுமுணுத்தார், பிறகு சத்தமாகவே சொன்னார்.

"நம்மளைப் போகச் சொல்லிட்டாங்க அண்ணே. ஒருத்தனுக்காக இத்தனை பேரும் வேகணுமா? மனசு மாறி நம்மளையும் பிடிச்சுக்கிட்டா?"

தஃபல்லா கெட்டவரில்லை. ஆனாலும் வண்டியைக் கிளப்பினார்.

நிமா பாயை விலக்கிக்கொண்டு எழுந்தாள். மெதுவாக, திட்டிக்கொண்டே, பின்பலகையைப் பிடித்து இறங்கினாள். நடந்துபோய் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சேலைபோல் சுற்றியிருந்த தோபை முழங்காலுக்கு அடியில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நிமா, எந்திரி."

"ஏத்துங்க, பார்ப்போம்."

"விளையாடற நேரமா இது? எந்திரின்னு சொல்றேன்ல."

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து உங்க பேச்சை என்னிக்குக் கேட்டிருக்கேன், இன்னிக்குக் கேக்க? சந்தையில ஏத்தின ஆட்டைப் பாதி வழியில இறக்கிவிட்டா உங்களுக்கு எப்படிக் கோவம் வரும். இவன் மனுஷன்."

இயந்திரம் நின்றது. காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். நிமா அவர்களையும் திட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

சித்தானா கடை வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து இடுப்பு விட்டுவிட்டு வலிக்கிறது என்று அப்போதுதான் என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். எங்களுக்குக் காவலாக நின்றவன் மீசை சரியாக முளைக்காத இளைஞன். துப்பாக்கியைப் பிடித்திருந்த அவன் விரல்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் மருதாணி நிறம் இருந்தது. அடிப்பக்கம் மட்டும் வெளுத்து வளர்ந்திருந்தது.

"நோன்புக்கு முன்னாடி கல்யாணமா தம்பி?"

அவன் திடுக்கிட்டுக் கையை மறைத்தான். "யார் சொன்னா?"

"நகம் சொல்லுது. பொண்ணு எங்க இருக்கா?"

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு, "அவங்க அம்மா வீட்டுல" என்றான். "பேசியே நாளாச்சு. அங்க சிக்னல் இல்ல."

"கிடைக்கும்" என்றாள் சித்தானா. அவன் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

உள்ளே நடந்ததைப் பாபிக்கர் பிறகு சொன்னான். முதல் ஈடு கருகிவிட்டது. பழகாத அடுப்பு, ஈர விறகு, முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. கருகிய ரொட்டியை ஒளிக்க இடமில்லை. தலைவனிடமே காட்டினானாம். "அடுப்பு புதுசு. இன்னும் ஒரு ஈடு பொறுத்துக்கங்க" என்றானாம். தலைவன் பொறுத்துக்கொண்டான். இரண்டாவது ஈடு உப்பி, பொன்னிறமாக வந்தது. அந்த வாசனை சாலைவரை வந்தது. துப்பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குள் போனார்கள்.

தலைவன் நின்றுகொண்டே ஒரு ரொட்டியைத் தின்றான்.

"உப்பு கம்மி" என்றான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் சக்கரத்தடியிலிருந்து நிமா.

நல்ல ரொட்டி வந்ததில் வேறொரு ஆபத்து இருந்தது. தலைவன் இன்னொன்றை எடுத்துக்கொண்டே சொன்னான்: "கை நல்லாத்தான் இருக்கு. இவன் எங்களோடயே இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கஷ்டமா இருக்கு." எழுந்து நிற்க முயன்ற சித்தானா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தாள். அது நடிப்பில்லை.

அந்த இளைஞன்தான் பேசினான்.

"அண்ணே, இந்தக்கா இங்கயே பெத்துடுவாங்க போல. நம்மகிட்ட பொம்பளையே கிடையாது. யார் பார்க்கறது?"

தலைவன் அவளைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கல்யாணமான ஆண்களுக்கு வருகிற கூச்சம் அவனுக்கும் வந்தது. "கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்க" என்று ஈ ஓட்டுவதுபோலக் கையை ஆட்டினான்.

மீதி வழியில் நிமா சித்தானாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, லாரி குழியில் விழும்போதெல்லாம் தன் கணவரைத் திட்டினாள். பாபிக்கர் மகளைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கை முழுக்க மாவு காய்ந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் ஷெந்தி வந்தது. மருத்துவமனை வாசலில் எங்களை இறக்கிவிட்டு லாரி வடக்கே அத்பராவுக்குப் போனது. நிமா மீதமிருந்த தண்ணீர் கேனையும் வெங்காய மூட்டையையும் இறக்கி வைத்தாள். "பேர் வெச்சா சொல்லி அனுப்பு" என்றாள். எப்படிச் சொல்லி அனுப்புவது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

மறுநாள் காலை பெண் பிறந்தாள். மவத்தா என்று பெயர் வைத்தோம். அது எல் ஒபெய்தில் இறந்துபோன சித்தானாவின் அம்மாவுடைய பெயர்.

ஷெந்தியில் முதலில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வேறொரு குடும்பம், நடுவில் ஒரு போர்வை. பாபிக்கருக்குச் சந்தையில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி கத்துகிற ஆள், ஆனால் கடைக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்தார். சித்தானா வெகுநாள் மருதாணியைத் தொடவில்லை. யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டவர்களும் சத்தமில்லாமல் செய்துகொண்டார்கள். அவள் பள்ளிக்கூடத்துக் கஞ்சித் தொட்டியில் கிளறப் போனாள். அங்கேயும் வரிசையில் நின்றவர்களை அதட்டினாள். பிறகு மெல்ல மெல்லக் கல்யாணங்கள் வந்தன. ஷெந்திப் பெண்களுக்கு அவளுடைய வாயைக் கண்டு முதலில் பயம்தான்.

நிமா போர்ட் சூடானில் இருப்பதாக ஒரு லாரிக்காரர் மூலம் தெரிந்தது. அங்கே வாடகை வீட்டுக்காரியோடு சண்டையாம். கேட்டு சித்தானா சிரித்தாள். குழந்தையின் பெயரை அந்த லாரிக்காரரிடமே சொல்லி அனுப்பினோம்.

ஷம்பாத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், எங்கள் இரண்டு வீட்டிலும் ஒன்றுமில்லை என்றார். மின்கம்பியைக்கூடச் சுவரை உடைத்து உருவிக்கொண்டு போயிருக்கிறார்களாம். நடுச்சுவர் விழுந்துவிட்டதாம். நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சித்தானா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தன் முற்றத்துக் கொய்யா மரம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கவனிக்கவில்லை என்றார்.

இப்போது அங்கே சண்டை ஓய்ந்துவிட்டது. சிலர் திரும்பிப் போகிறார்கள். பாபிக்கருக்கும் ஆசைதான். மாலையில் வேலை முடிந்து வந்து, மவத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேச்சை எடுப்பான்.

"கடைச் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"தண்ணி வரட்டும். பள்ளிக்கூடம் திறக்கட்டும். ஒரு மருத்துவச்சியாவது திரும்பி வரட்டும். அப்புறம் பேசலாம்."

"மருத்துவச்சி எதுக்கு இப்போ?"

அவள் தோபை வயிற்றுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவன் என்னைப் பார்ப்பான். எனக்குத் தெரியாததுபோல நான் ரய்யானுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பேன்.